களைக்கொட்டைக் கீழே வைத்தவர்கள்

அந்த மண்ணெண்ணெய் டின்னின் ஒரு பக்கம் உள்ளே ஒடுங்கியிருந்தது. ஒடுங்கிய பக்கத்தில் அடித்தால் கட்டைச் சத்தம் வரும். ஒடுங்காத பக்கத்தில் அடித்தால் காதைக் கிழிக்கும். மருமகள் அதைக் கயிற்றில் கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, களைக்கொட்டின் இரும்பால் இரண்டு பக்கமும் மாறி மாறி அடிப்பாள். மாமியார் பாடுவார். பாடுவார் என்பது சரியான சொல் இல்லை. கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவார். ஒரு வரியை அவர் எறிந்தால் அடுத்த வரியை மருமகள் பிடித்துத் திருப்பி எறிவாள். சுருதி, தாளம் என்று நமக்குப் பழக்கமான எதுவும் அதில் இல்லை. ஆனால் கேட்டவர்கள் எழுந்து போனதை நான் பார்த்ததில்லை. கோபப்பட்டவர்கள்கூட நின்று, கடைசிவரை கேட்டுவிட்டுத்தான் கோபப்பட்டார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குச் சந்தவாசலில் ஒரு மைக்செட் கடை இருந்தது. இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ஆம்ப்ளிஃபயர், கேசட் பதிவு செய்யும் டேப் ரிக்கார்டர் ஒன்று. ஜவ்வாது மலையில் பல ஊர்களுக்கு அப்போது கரண்ட் கிடையாது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று கூப்பிட்டால் லாரி பேட்டரியை பஸ்ஸின் கூரையில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவேன். அப்படிப் போன ஓர் இடத்தில்தான் சாமை வயலில் இருவரும் ஒருவரையொருவர் திட்டிப் பாடுவதைக் கேட்டேன். அதைப் பதிவு செய்து கேசட்டாகப் போட்டேன். அட்டையில் "மாமியா மருமவ" என்று நானே எழுதினேன். அதுதான் அவர்களுடைய முதல் கேசட்.

அந்தத் திட்டுப் பாட்டுக்கு ஒரு முறை உண்டு. மலையில் ஒருவர் நிலத்தில் களையெடுக்க ஊர்ப் பெண்கள் எல்லோரும் போவார்கள். பிறகு அந்த நிலத்துக்காரி மற்றவர்கள் நிலத்துக்குப் போவாள். வரிசையாக உட்கார்ந்து களைக்கொட்டால் கொத்திக்கொண்டே போகும்போது, யாரும் யாரையும் பாட்டில் திட்டலாம். மருமகள் மாமியாரின் கஞ்சத்தனத்தைப் பாடுவாள். மாமியார் மருமகளின் சோம்பலைப் பாடுவார். ஒருத்தி கேள்வியாக ஒரு வரி போட்டால் வரிசை முழுவதும் பதில் சொல்ல வேண்டும். ஊர்த் தலைவரான ஊர்கவுண்டரையேகூடப் பாட்டில் கிழித்துத் தொங்கவிடலாம். கையில் களைக்கொட்டு இருக்கும்வரை வாயிலிருந்து வருவது எதுவும் குற்றம் இல்லை. அதைப் பஞ்சாயத்துக்குக் கொண்டுபோக முடியாது. வீட்டுக்குப் போன பிறகு அதைப் பேசி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் கூடாது. களைக்கொட்டைக் கீழே வைத்தால் பாட்டு முடிந்தது, அதில் சொன்னதும் முடிந்தது.

முதல் கேசட் நன்றாக ஓடியது. கலசப்பாக்கம் போகும் பஸ்ஸில் டிரைவர்கள் அதைப் போட்டுக்கொண்டு சிரித்தார்கள். "உன் சோத்துல உப்பு இல்ல, உன் பேச்சுல புளி இல்ல" என்று டீக்கடைப் பையன்கள் பாடித் திரிந்தார்கள். அடிவாரத்தில் விறகு டிப்போ வைத்திருந்த ஒருவர் தன் ஜீப்பில் எப்போதும் அந்தக் கேசட்டை வைத்திருந்தார். அவருடைய பெயரை இங்கே எழுத அவசியம் இல்லை. மலையில் எல்லோருக்கும் அவர் டிப்போக்காரர். மலைக்கு வரும் லாரிகள் அவருடையவை. புளியும் சாமையும் கீழே இறங்குவது அந்த லாரிகளில்தான். விறகும் இறங்கும். விறகுக்கு அடியில் வேறு மரமும் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக்கொள்வதில்லை.

அடுத்த ஆண்டு மாமியாரின் மகனை வனத்துறைக்காரர்கள் ஜீப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். மருமகளுக்குக் கணவன். சந்தன மரம் வெட்டினான் என்று வழக்கு. வெட்டியது உண்மை. கூலிக்குக் கூப்பிட்டார்கள், போனான். நாலு பேர் வெட்டினார்கள், மூன்று பேர் ஓடிவிட்டார்கள், இவன் சிக்கினான். வழக்கில் மரம் இருந்தது, கோடாலி இருந்தது, அவன் இருந்தான். லாரி மட்டும் இல்லை. மரத்தை ஏற்றிக்கொண்டு போன லாரியை ஊரில் பார்க்காதவர்கள் குறைவு. கேட்டால் எல்லோரும் அந்த நேரத்தில் எங்கேயோ போயிருந்தார்கள்.

இருவரும் டின்னோடு என் கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். மாமியார் படியேறும்போதே சொன்னார்:

"தம்பி, இன்னொரு பொட்டி போடணும்." கேசட்டை அவர் பொட்டி என்றுதான் சொல்வார்.

முதல் கேசட் போல இன்னொரு சண்டைப் பாட்டு என்று நினைத்தேன். வியாபாரி அல்லவா, சந்தோஷமாக இருந்தது. "இந்த வாட்டி யாரு யாரை ஜெயிக்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

மருமகள் சொன்னாள்: "எங்களுக்குள்ள சண்ட போட இப்போ நேரம் இல்லண்ணா. இவுங்கள அப்பால பாத்துக்கறேன்."

"பாப்ப, பாப்ப" என்றார் மாமியார். "மொதல்ல டின்ன ஒழுங்கா புடி."

மதிய நேரம். கடைக் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்தோம். முதல் தடவை சத்தத்தின் அளவைக் காட்டும் ஊசி சிவப்புக் கோட்டைத் தாண்டிப் போய் அங்கேயே ஒட்டிக்கொண்டது. குரல் உடைந்து பதிவாகும் என்று பயந்து, "கொஞ்சம் மெதுவா பாடுங்கம்மா" என்றேன்.

"மெதுவா சொல்லித்தான் இத்தினி வருசம் போச்சு" என்றார் மாமியார். "உன் மிசினுக்கு நோவுதுன்னா அத கொஞ்சம் தள்ளி வையி."

தள்ளி வைத்தேன். பக்கத்துக் கடை நண்பரிடம் ஆர்மோனியம் இருக்கிறது, பின்னால் லேசாகச் சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்றும் சொல்லிப் பார்த்தேன். "அழகா இருந்தா தூங்கிடுவானுங்க" என்று மருமகள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அன்று பதிவான பாட்டுகளில் ஒன்று மட்டும் மலை முழுவதும் பரவியது.

"சந்தன மரம் போச்சு லாரியில,
எம் புள்ள போனான் ஜீப்புல.
வெட்டுனவன் கையில வெலங்கு,
வெட்டச் சொன்னவன் கையில மோதிரம்.
லாரி, லாரி, ஆரு லாரி?
டிப்போக்காரன் லாரி!"

கடைசி இரண்டு வரிகளில் டின்னின் ஒடுங்காத பக்கம் மட்டும் ஒலிக்கும். பதிவை ஒருமுறை போட்டுக் கேட்டுவிட்டு, அந்தப் பெயர் வரும் இடத்தை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவருடைய டிப்போவும் என் கடையும் ஒரே தெருவில் இருந்தன. மாமியார் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. ஒரு கணக்கைப் பொறுமையாக விளக்குபவர் போலச் சொன்னார்:

"எம் புள்ள வெட்டினான். நான் இல்லேன்னு சொல்லல. அவன் ஜெயில்ல இருக்க வேண்டியதுதான், இருந்துட்டு வரட்டும். ஆனா லாரி ஆரோடதுன்னு இந்த மலையில ஒரு வாய் சொல்லணும் தம்பி. எங்க ரெண்டு வாய் போக இன்னொரு வாய். அது சொல்ற வரைக்கும் கத்துவோம்."

அதன் பிறகு ஒரு வெயில்காலம் முழுவதும் மூவரும் மலை சுற்றினோம். சந்தை கூடும் இடம், திருவிழாத் திடல், பஸ் நிற்கும் மரத்தடி என்று எங்கே நாலு பேர் சேர்வார்களோ அங்கே பேட்டரியை இறக்குவேன். எல்லாம் பகலில்தான். முதல் கேசட்டைக் கேட்டவர்கள் சிரிக்கத் தயாராக வந்து உட்காருவார்கள். இவர்கள் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அந்தச் சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் முகத்திலேயே நிற்கும். ஓர் ஊரில் இளவட்டம் ஒருவன் எழுந்து, "ஆயா, பழைய பாட்டு பாடு! மருமவளத் திட்டு!" என்று கத்தினான்.

"அவளத் திட்டனது போதும்டா" என்றார் மாமியார். "இன்னிக்கு உன்னத் திட்டப் போறேன். உக்காரு."

"நான் இன்னா பண்ணேன்?"

"ஒண்ணும் பண்ணல இல்ல? அதுக்குத்தான்."

கூட்டம் சிரித்தது. அவன் உட்கார்ந்தான். ஆனால் "ஆரு லாரி?" என்று கேட்டு மருமகள் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டியபோது அந்தச் சிரிப்பு நின்றது. களைப் பாட்டில் கேள்வி போட்டால் வரிசை பதில் சொல்ல வேண்டும். அது அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் சின்ன வயதிலிருந்து தெரிந்த பழக்கம். உதடுகள் அசைவதைக்கூட நான் பார்த்திருக்கிறேன். சத்தம் வரவில்லை. மாமியாரே கத்த வேண்டியிருந்தது. எல்லா ஊரிலும் இப்படித்தான் நடந்தது.

காவலூரில் இரண்டு பேர் வந்து என் மைக் ஒயரைப் பிடுங்கி எறிந்தார்கள். யார் அனுப்பினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. ஸ்பீக்கர் செத்துப்போனது. நான் ஒயரைப் பொறுக்க ஓடினேன். மாமியார் நிறுத்தவே இல்லை. மைக்கைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு அடி முன்னால் வந்து, மிச்சப் பாட்டை வெறும் தொண்டையில் முடித்தார். முடித்துவிட்டு அந்த இரண்டு பேரிடமும், "கேட்டுச்சா? இல்ல, கிட்ட வந்து சொல்லட்டா?" என்றார். அந்த ஊர் வான் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தவர்கள் சிலர் ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். அவர்கள்தான் முதலில் கை தட்டினார்கள். தட்டினார்களே தவிர, அவர்களும் பதில் சொல்லவில்லை.

டிப்போக்காரரின் ஜீப்பில் இந்த இரண்டாவது கேசட் ஓடவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை. அவர் போலீசுக்குப் போகவில்லை. போயிருந்தால் லாரியைப் பற்றி யாராவது கேட்டிருப்பார்கள். ஊர்ப் பஞ்சாயத்தைக் கூட்டச் சொல்லித் தன் மேஸ்திரியை மலைக்கு அனுப்பினார். தீர்ப்பு சரியாக வராவிட்டால் அந்த ஊருக்கு இனி லாரி வராது என்பதையும் மேஸ்திரி எல்லோர் காதிலும் போட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கு வந்தார். புளி அடித்து முடித்திருந்த சமயம். வீட்டுக்கு வீடு மூட்டை கட்டி வைத்திருந்தார்கள். கேசட் போட்டவன் என்று என்னையும் டேப் ரிக்கார்டரோடு வரச் சொல்லியிருந்தார்கள்.

ஊர்கவுண்டர் கெட்டவர் இல்லை. இருவரையும் காப்பாற்றவும் வேண்டும், லாரியும் வர வேண்டும் என்று நினைத்தவர். அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். என்னைக் கேசட்டைப் போடச் சொன்னார். கோயில் வாசலில் ஊரே உட்கார்ந்து கேட்டது. பாட்டு முடிந்ததும் மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டார்:

"டணார் டணார்னு ஒரு சத்தம் வருதே, அது இன்னாங்க?"

"டின்னு அடிக்கறாங்க."

"எதால அடிக்கறாங்க?"

மேஸ்திரியை முந்திக்கொண்டு கூட்டத்தில் ஒருத்தி, "களைக்கொட்டாலதான்" என்றாள்.

"ஆங். கையில களைக்கொட்டு இருந்துச்சு. அப்போ இது களைப் பாட்டு. களைப் பாட்டுல சொன்னதுக்கு அர்த்தமும் இல்ல, பஞ்சாயத்தும் இல்ல. எங்க அப்பன் பாட்டன் காலத்து மொற." கவுண்டர் மாமியார் பக்கம் திரும்பினார். "என்னம்மா? களைப் பாட்டுதானே? ஆமான்னு சொல்லிட்டு எழுந்து போ."

கூட்டம் மூச்சு விட்டது. மேஸ்திரிக்கும் அது பிடித்திருந்தது என்பது முகத்தில் தெரிந்தது. பாட்டுக்கு அர்த்தம் இல்லை என்று ஊரே கூடிச் சொல்லிவிட்டால், அவருடைய முதலாளிக்கு அதைவிட நல்ல தீர்ப்பு என்ன வேண்டும்? எனக்குமே நிம்மதிதான். டேப் ரிக்கார்டரைப் பெட்டியில் வைத்து மூடப் போனேன்.

மாமியார் எழுந்திருக்கவில்லை. மருமகளைப் பார்த்தார். மருமகள் எழுந்து நடுவில் வந்து, கையில் இருந்த களைக்கொட்டைக் கோயில் கல்லின் மேல் வைத்தாள். டின்னைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தாள். பிறகு வெறும் கையைத் தட்டி, அதே பாட்டை முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் மாமியார் உட்கார்ந்தபடியே சேர்ந்துகொண்டார். கடைசி வரியை இருவரும் மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தே பாடினார்கள்.

"ஏம்மா, உனக்கு பைத்தியமா?" என்றார் கவுண்டர். குரலில் அதட்டலைவிடக் கெஞ்சல் அதிகமாக இருந்தது. "வழி உட்டேன் இல்ல உனக்கு?"

"உட்டீங்க கவுண்டரே. நல்ல மனசு" என்றார் மாமியார். "நாப்பது வருசமா களைக்கொட்டு புடிச்சிக்கினு எல்லாரையும் திட்டியாச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தரு திருந்தல. இது களைப் பாட்டு இல்ல. நெசமா சொன்னது. இதுக்கு இன்னா தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறோம்."

"நீ இன்னாம்மா சொல்ற?" என்று கவுண்டர் மருமகளைக் கேட்டார்.

"எங்க அத்த சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் அவள். முதல் கேசட்டைக் கேட்ட யாரும் அந்த வாக்கியத்தை நம்பியிருக்க மாட்டார்கள். பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள்.

தண்டனை கொடுத்தார்கள். அந்த வீட்டு நிலத்துக்கு யாரும் வேலைக்குப் போகக் கூடாது. அவர்களை யாரும் வேலைக்குக் கூப்பிடக் கூடாது. அவர்கள் கேட்டதற்கு யாரும் பதில் பேசக் கூடாது. கோயிலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுப் பாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்வரை இது நீடிக்கும். வாரம் முடிவதற்குள் லாரி வந்து மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போனது.

அவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. மழை விழுந்ததும் இரண்டு பேருமாகவே உழுது சாமை விதைத்தார்கள். ஊருக்குள் யாரும் பேசாததால், கீழே இறங்கும்போது என்னிடம் மொத்தமாகப் பேசித் தீர்த்தார்கள். மருமகள் ஒருநாள் சொன்னாள்: "பதில் பேசக் கூடாதுன்னு தீர்ப்பு சொன்னாங்களே தவிர, கேக்கக் கூடாதுன்னு சொல்லலண்ணா. நாங்க போய்ட்டு கேட்டுக்கினே இருக்கோம்." கேசட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கீழே என் கடையிலிருந்து வாங்கிப் போனவர்கள் மேலே போய், சத்தம் வெளியே கேட்காமல் இருக்க டேப்பைத் துணியால் சுற்றி வைத்துக் கேட்டார்கள். டிப்போக்காரர் என் கடைக்கு வருவதை நிறுத்தினார். அவரைச் சேர்ந்தவர்கள் வீட்டு விசேஷங்களுக்கு வேறு மைக்செட் போனது. இருந்தாலும் நான் கேசட் போடுவதை நிறுத்தவில்லை. எனக்குள் அப்படி ஒரு பிடிவாதம் இருந்தது என்பதே அந்த இருவரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இன்று அந்தப் பாட்டை யாராவது ஒரு போனில் பதிவு செய்து போட்டிருந்தால், ஒரே நாளில் எங்கெங்கோ போயிருக்கும். ஆயிரம் பேர் கட்டைவிரலைக் காட்டிவிட்டு அடுத்ததற்குப் போயிருப்பார்கள். கோபத்துக்கு இப்போது குறைவில்லை. நானும் பார்க்கிறேன், சில சமயம் கட்டைவிரலைக் காட்டுகிறேன். ஆனால் தப்பிக்க ஒரு வழியைத் திறந்துவிட்ட பிறகும் அதில் போகாமல், சொன்னதை நான் சொன்னதுதான் என்று உட்கார்ந்திருந்த வேறு இரண்டு பேரை என் வாழ்க்கையில் நான் பார்க்கவில்லை. அவர்களைப் பாடகிகள் என்று சொன்னால் அவர்களே சிரிப்பார்கள்.

களையெடுக்கும் சமயத்தில் ஒருநாள் காலை பஸ்ஸில் மலைக்குப் போனேன். மறுபடி கேசட் போட அவர்களிடம் கேட்க வேண்டியிருந்தது. வீட்டில் யாரும் இல்லை, நிலத்துக்கே போனேன். சரிவில் அவர்களுடைய சாமை நிலம். நடுவில் ஓர் ஓடை, அதற்கு எதிர்ச் சரிவில் இன்னொருவருடைய நிலம். அங்கே ஊர்ப் பெண்கள் எல்லோரும் நீள வரிசையில் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம் இரண்டே இரண்டு பேர். களை பாதிக்கு மேல் கிடந்தது. அவர்கள் இருவரால் முடிக்கக்கூடிய வேலையாக எனக்குத் தோன்றவில்லை. ஆனாலும் பாடிக்கொண்டிருந்தார்கள். டின்கூட இல்லை. மாமியார் முதல் வரி, மருமகள் அடுத்த வரி. எதிர்ச் சரிவில் குனிந்த தலைகள் நிமிரவில்லை.

"லாரி, லாரி, ஆரு லாரி?" என்று மாமியார் ஓடையைத் தாண்டிக் கேட்டார். அடுத்த வரியைச் சொல்ல மருமகள் வாயெடுத்தாள்.

எதிர்ச் சரிவின் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள். பஞ்சாயத்தில் களைக்கொட்டு என்று சொன்ன அதே பெண்ணா என்று அவ்வளவு தூரத்திலிருந்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அவள் குனிந்து தன் களைக்கொட்டைத் தரையில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தாள். அவள் கையைத் தட்டிவிட்டாள். பிறகு இழுத்தவளும் எழுந்து நின்று, தன்னுடையதையும் கீழே போட்டாள். வரிசையில் இன்னும் சிலர் எழுந்தார்கள். எழாதவர்களும் இருந்தார்கள். எழுந்தவர்களின் கைகள் எல்லாம் வெறுமையாக இருந்தன.

"டிப்போக்காரன் லாரி!"

சேர்ந்து வரவில்லை. ஒருத்தி முன்னால், மற்றவர்கள் பின்னால், தடுமாறித்தான் வந்தது. நான் மாமியாரைப் பார்த்தேன். அழுவார் என்று நினைத்தேன். அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கத்தினார்:

"இன்னாங்கடி, கஞ்சி குடிக்கலியா? சத்தம் பத்தல! சந்தவாசல் வரைக்கும் கேக்கணும். மறுக்கா சொல்லுங்க!"